ஏழாம் எண் இணைப்பை வெட்டுவதற்கு முன்

அனுப்புநர்:
ஏழாம் எண் இணைப்பைப் போட்டவர்,
முதுநிலை கேபிள் இணைப்பாளர் (தற்சமயம் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவர்),
கேபிள் பதிக்கும் கப்பல் பிரிவு.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
கடலாய்வுத் துறை,
தலைமை அலுவலகம், நான்காம் தளம்.

பொருள்: கடலடி ஆய்வகக் கேபிள் – தினமும் மாலையில் செயலிழப்பது – ஏழாம் எண் இணைப்பை இம்மாதம் 18ஆம் தேதி வெட்டி எடுக்க ஆணையிடப்பட்டது – ஆணையை நிறுத்தக் கோருவது – கரை நிலையச் சுவரில் உள்ள ஒரு சுவிட்சை யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை:
1. விசாரணைக் குழுவின் அறிக்கை, 214 பக்கங்கள்.
2. எனது முதல் மனு (உரிய படிவத்தில் இல்லை என்று திருப்பப்பட்டது).
3. எனது இரண்டாவது மனு (உரிய படிவத்தில் இருந்தது, எனவே யாரும் படிக்கவில்லை).
4. கரை நிலையப் பொறுப்பாளரின் மின்சிக்கனச் சுற்றறிக்கை, ஒரு பக்கம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கடலடிக் கேபிள்களை இணைப்பவள். பதினாறு ஆண்டுகளாக இதுதான் என் வேலை. கோப்பில் தாங்கள் "சம்பந்தப்பட்ட ஊழியர்" என்று படித்திருப்பது என்னைத்தான். "கவனக்குறைவான" என்ற அடைமொழியும் சில பக்கங்களில் சேர்ந்து வரும். அதுவும் நான்தான்.

2. தங்கள் மேசைக்கு எத்தனையோ கோப்புகள் வரும் என்பதால் விஷயத்தை முதலிலிருந்தே சொல்கிறேன். கரையிலிருந்து எண்பத்தாறு கிலோமீட்டர் தூரத்துக்குக் கடலின் அடியில் ஒரு கேபிள் போகிறது. அதன் மறுமுனையில், இரண்டாயிரத்து முந்நூறு மீட்டர் ஆழத்தில், மஞ்சள் நிறச் சட்டகம் ஒன்று சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஐந்து கருவிகள். ஒன்று நில அதிர்வை அளக்கும், ஒன்று நீரின் அழுத்தத்தை, ஒன்று வெப்பத்தை. ஒன்று சத்தம் கேட்கும், ஒன்று படம் எடுக்கும். கரையிலிருந்து கேபிள் வழியே மின்சாரம் போகும். அங்கிருந்து செய்தி வரும். கப்பலில் போய் நான்கு நாள் அளந்துவிட்டு வந்தால் கடலைப் பற்றி நான்கு நாள் சங்கதிதான் தெரியும் என்பதால், வருடம் முழுவதும் ஒரு நொடி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கவே இதைக் கட்டினோம். "ஒரு நொடி விடாமல்" என்பது என் சொல் அல்ல. திறப்பு விழா அழைப்பிதழில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

3. இந்தக் கேபிளில் எட்டு இணைப்புகள் உண்டு. அவற்றில் ஏழு இணைப்புகள் தொழிற்சாலையில் போட்டவை. ஏழாம் எண் மட்டும் நடுக்கடலில், கப்பலில், என் கையால் போட்டது. கேபிளின் மேலிருக்கும் இரும்புக் கம்பிகளைப் பிரித்து, செம்புக் குழாயைத் திறந்து, உள்ளே தலைமுடி பருமனில் இருக்கும் கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்டி, மேலே பாலித்தீனை வார்த்து மூட வேண்டும். கப்பல் ஆடும். கை ஆடக் கூடாது. ஒரு ஸ்டூலில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து போட்டேன். பிறகு அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். ஒரு குமிழி கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்த கப்பல் தலைவர், யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாதவர், "ம்" என்றார்.

4. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அறிக்கையில் இது இடம்பெறவில்லை. குழு என்னிடம் கேட்கவில்லை. இணைப்பை மூடுவதற்கு முன், போட்டவர் தன் குறியை உள்ளே செம்பில் கீறி வைப்பார். என் குறி இரண்டு கோடும் ஒரு புள்ளியும். மூடி கடலில் இறக்கிய பிறகு அந்தக் குறியை யாரும் பார்க்கப் போவதில்லை. பார்க்க நேர்ந்தால் இணைப்பு கெட்டுவிட்டது, வெட்டி எடுத்துத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பதினாறு ஆண்டுகளில் நான் கீறிய குறிகள் நூற்று முப்பத்தொன்று. ஒன்றைக்கூட இதுவரை யாரும் பார்த்ததில்லை. எனக்கு இருக்கும் பெயர் அவ்வளவுதான், அதுவே போதும் என்றும் இருந்தேன்.

5. இனி வழக்குக்கு வருகிறேன். கேபிள் ஓடத் தொடங்கிப் பதினொரு மாதங்கள் ஆகின்றன. முதல் வாரத்திலிருந்தே ஒவ்வொரு நாளும் மாலையில் செய்தி நின்றுவிடுகிறது. மறுநாள் காலை ஒன்பதே காலுக்குத் தானாக வருகிறது. சனி ஞாயிறுகளில் வருவதே இல்லை. தலைமை ஆய்வு மையத்திலிருந்து மாலையில் கரை நிலையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். காலையில் கூப்பிட்டால் நிலையப் பொறுப்பாளர் எடுத்து, "நல்லாத்தானே ஓடிட்டு இருக்கு?" என்று கேட்பார். அவர் கேட்கும் நேரத்தில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

6. இதை ஆராய மூன்று பேராசிரியர்கள் கொண்ட குழு அமைக்கப்பட்டது. குழு கரை நிலையத்துக்கு ஆறு முறை வந்தது. ஆறு முறையும் காலை பதினொரு மணிக்கு வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, நான்கு மணிக்குப் புறப்பட்டது. கரையிலிருந்து கேபிளுக்குள் ஒளியைச் செலுத்திச் சோதித்ததில் எந்தக் குறையும் தெரியவில்லை. சாதாரண மனிதர்கள் இதிலிருந்து குறை இல்லை என்று முடிவு செய்வார்கள். குழு, பக்கம் 58இல், "குறை மறைந்திருக்கிறது" என்று முடிவு செய்துள்ளது. மறைந்திருக்க இடம் வேண்டுமல்லவா? எட்டில் கையால் போட்டது எது என்று பார்த்து, ஏழாம் எண்ணின் தலையில் கட்டிவிட்டார்கள்.

7. அறிக்கையின் மேலும் சில கண்டுபிடிப்புகளைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கவும்.

பக்கம் 71: மாலையில் கடல்நீர் குளிர்வதால் இணைப்பு சுருங்கி விரிசல் விடுகிறது. இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் வெயிலும் இல்லை, மாலையும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள அந்தச் சட்டகத்தின் வெப்பமானியே போதும். பகலில் மட்டுமாவது அது ஓடுகிறதே.

பக்கம் 83: வார இறுதியில் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் குறைவதால் அடிநீரோட்டம் மாறி, இணைப்பு இரண்டு நாள் முழுமையாகத் திறந்துகொள்கிறது. திங்கள் காலை மூடிக்கொள்கிறது. கடல் அவ்வளவு ஒழுங்காக நாட்காட்டி பார்க்கும் என்று கப்பலிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த எனக்குத் தெரியாமல் போனது.

பக்கம் 97: முதல் மாதம் மாலை 6.32க்கு நின்ற செய்தி, மாதாமாதம் முன்னேறி இப்போது 6.04க்கே நிற்கிறது. ஆகவே இணைப்பு "படிப்படியாகச் சீரழிந்து வருகிறது". இதற்கு வண்ணத்தில் ஒரு வரைபடம் போட்டிருக்கிறார்கள். அழகான வரைபடம். அது எதனுடைய சீரழிவு என்பதைப் பத்தி 11இல் சொல்கிறேன்.

8. அறிக்கை வந்த அன்றே என் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இணைப்பை வெட்டி எடுத்து மேலே கொண்டு வந்ததும் என் தகுதிச் சான்றையும் ரத்து செய்வதாக எழுத்தில் தெரிவித்தார்கள். குறை இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகா என்று கேட்டேன். "மேலே கொண்டு வந்ததும்" என்றே பதில் வந்தது. நான் அழுதேன். மனுவில் இதைச் சொல்வது மரபல்ல என்று அறிவேன். ஆனால் நடந்தது.

9. அன்று செய்தி நின்ற நேரங்களின் பட்டியலைச் சமையலறை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேருந்து ஓட்டுநரான என் கணவர் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டு, "உன் ஜாயின்ட்டுக்கு கவர்மென்ட் வேலை கெடச்சிருச்சு போல. சாயங்காலம் ஆனா கெளம்பிடுது, சனி ஞாயிறு லீவு எடுத்துக்குது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசியிருக்க மாட்டேன். ஆனால் இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்ச் சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றி வந்தேன். பதினொரு மாதங்களில் அரசு விடுமுறைகள் பதினெட்டு. அந்தப் பதினெட்டு நாட்களும் இணைப்பு வேலை செய்யவில்லை. தேர்தலுக்காக அறிவித்த திடீர் விடுமுறையைக்கூட அது விடவில்லை (ஆவணம் 2). மூன்று பேராசிரியர்களுக்கு 214 பக்கங்களில் கிட்டாதது, வெங்காயம் நறுக்கியவருக்கு ஒரு வாக்கியத்தில் கிட்டியது. வேண்டுமானால் அடுத்த குழுவில் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம். வாரம் ஒருநாள் அவருக்கு ஓய்வு உண்டு.

10. மறுநாள் மாலை ஐந்தரை மணிக்குக் கரை நிலையத்துக்குப் போனேன். உள்ளே போக அனுமதி இல்லாததால் வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்தேன். நிலையப் பொறுப்பாளர் நாலரைக்கே போய்விட்டிருந்தார். காவலாளி, வேலையில் மிகவும் கருத்தானவர், ஒவ்வோர் அறையாக வந்தார். மின்விசிறியை நிறுத்தினார். குடிநீர் இயந்திரத்தை, நகல் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு உள்ளறையைத் திறந்து, சுவரில் இருந்த சிவப்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். என் கண் முன்னால், ஐயா, எண்பத்தாறு கிலோமீட்டர் கேபிளையும் ஐந்து கருவிகளையும் மின்விசிறியோடு சேர்த்து அணைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். மணி ஐந்தே முக்கால்.

11. தினமும் இப்படியா என்று கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் பெருமை. "எல்லாத்தையும் அணைச்சிட்டுத்தான்க்கா பூட்டுவேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு லைட்டக்கூட விட்டதில்ல. காலைல சார் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் போட்டு வச்சிருவேன்" என்றார். அப்போது உள்ளறையில் ஏதோ கீச்சிட ஆரம்பித்தது. அது என்ன என்றேன். "அது ஒரு பெட்டிக்கா. அணைச்சா கத்தும். முன்னல்லாம் முக்கா மணி நேரம் கத்தும். இப்போ இருபது நிமிஷத்துல அடங்கிடுது. பழகிருச்சு போல" என்றார்.

ஐயா, அந்தப் பெட்டி யு.பி.எஸ். மின்சாரம் போனால் கேபிளைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்க வைத்தது. தினமும் மாலையில் அதை முழுவதுமாக வடித்து எடுப்பதால் அதன் பேட்டரி நாளுக்கு நாள் செத்துக்கொண்டிருக்கிறது. முதல் மாதம் நாற்பத்தேழு நிமிடம் தாங்கியது: ஐந்தே முக்காலும் நாற்பத்தேழும் 6.32. இப்போது பத்தொன்பது நிமிடம்: 6.04. பக்கம் 97இன் வண்ண வரைபடம் என் இணைப்பின் சீரழிவு அல்ல; அந்த பேட்டரியின் சீரழிவு. ஒரு காவலாளி காதால் அளந்ததைத்தான் குழு வண்ணத்தில் வரைந்திருக்கிறது. அவராவது கத்துவதைக் கேட்டார்.

12. இன்னும் ஒன்று. கடந்த மார்ச்சில் காவலாளி தன் அக்கா மகள் கல்யாணத்துக்காக, காலையில் வழக்கம்போல் எல்லாவற்றையும் போட்டு வைத்துவிட்டு, இரண்டு நாள் விடுப்பில் போனார். மாற்றாக வந்தவருக்கு உள்ளறைச் சாவி எது என்று தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் கேபிள் ஒரு நொடி விடாமல் ஓடியது, அழைப்பிதழில் அச்சடித்தபடியே. இரண்டாம் நாள் மாலை ஏழு மணிக்குக் கடலடியில் ஒரு சிறு நிலநடுக்கமும் பதிவானது. பதினொரு மாதங்களில் மாலை நேரத்தில் பதிவான ஒரே நிலநடுக்கம் அதுதான். மற்றவை அலுவலக நேரத்தில் மட்டுமே வந்திருக்கின்றன என்று நம்ப வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு நாட்களைப் பற்றி அறிக்கை, பக்கம் 112: "மற்ற நாட்களோடு ஒத்துப்போகாததால் கணக்கில் கொள்ளப்படவில்லை." கேபிள் ஒழுங்காக ஓடிய நாட்களை மட்டும் தேடிப் பிடித்து நீக்கியிருக்கிறார்கள்.

13. காவலாளி மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவர் செய்தது சுற்றறிக்கையில் உள்ளது: "கட்டடத்தைப் பூட்டும்போது எந்த மின்சாதனமும் இயக்கத்தில் இருக்கக் கூடாது." கடலுக்கடியில் இருக்கும் ஒரு சாதனம் இந்தக் கட்டடத்தின் சுவரில்தான் தொடங்குகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்தத் துறை முழுவதிலும் தனக்குக் கொடுத்த உத்தரவைப் படித்து அதன்படி நடந்தவர் அவர் ஒருவர்தான்.

14. மறுநாள் நிலையப் பொறுப்பாளரை வாயிலில் மடக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உண்மையிலேயே வெலவெலத்துப் போனார். அன்று மாலையிலிருந்தே கைப்பிடியை இறக்காமல் விட்டால் போதும் என்றேன். அவர் தலைக்கு மேல், கண்ணாடிச் சட்டத்தில், "மின்சிக்கனத்தில் முதலிடம் பெற்ற அலுவலகம்" என்ற சான்றிதழ் தொங்கியது. அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "சுற்றறிக்கைய மாத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா. விசாரணையும் முடிஞ்சு போச்சு. நீங்க மேல எழுதிக் கேளுங்க" என்றார். அதற்கு முந்தைய நாள் வரை அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் தினமும் ஐந்தே முக்காலுக்குக் கைப்பிடி இறங்குகிறது. தெரியாமல் செய்தவரையும் தெரிந்து செய்பவரையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

15. அவர் சொன்னபடியே மேலே எழுதினேன். முதல் மனு படிவத்தில் இல்லை என்று திரும்பியது. இரண்டாவது மனுவுக்கு மூன்றாம் வாரத்தில் பதில் வந்தது: "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகக் கரை நிலையப் பொறுப்பாளருக்கு அனுப்பப்பட்டுள்ளது." அவரும் உரிய நடவடிக்கை எடுத்தார். "சுவிட்ச் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதி அனுப்பிவிட்டார். அது உண்மை. அதைவிட ஒழுங்காக வேலை செய்யும் பொருள் அந்த நிலையத்தில் வேறெதுவும் இல்லை.

16. பதினெட்டாம் தேதி என்ன நடக்கும் என்பதை, கப்பலில் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன். கொக்கியைக் கடலடியில் இழுத்துப் போய்க் கேபிளைப் பிடித்து அறுப்பார்கள். ஏழாம் எண்ணை மேலே எடுத்து வெட்டுவார்கள். அறுத்த இரு முனைகளும் அந்த ஆழத்திலிருந்து ஒன்றையொன்று எட்டாது. எனவே நடுவில் புதுக் கேபிள் வைத்து, ஒரு நல்ல இணைப்புக்குப் பதிலாக இரண்டு புது இணைப்புகள் போடுவார்கள். இழுக்கிற இழுப்பில் சட்டகம் சாய்ந்தால் ஐந்து கருவிகளும் சேற்றில் முகம் புதைக்கும். சாயாமல் தப்பினால், அன்று மாலை எல்லோரும் கை குலுக்கிக்கொண்டு கலைவார்கள். ஐந்தே முக்காலுக்குக் காவலாளி உள்ளறையைத் திறப்பார். புது இணைப்புகள் இரண்டும் 6.04க்குச் செயலிழக்கும். அடுத்து அவற்றைப் போட்ட இருவர் தங்களுக்கு மனு எழுதுவார்கள். படிவத்தில் எழுதும்படி அவர்களிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

17. ஆகவே நான் கேட்பது இவ்வளவே. புதிய குழு வேண்டாம். பழைய குழுவைத் தண்டிக்கவும் வேண்டாம். அந்த வரைபடத்தின் கீழ் அவர்கள் பெயர் அச்சாகியிருப்பதே போதும். தாங்கள் ஒருவரை, பதவி எதுவாக இருந்தாலும் சரி, ஏதாவது ஒரு வேலைநாளில் மாலை ஆறே கால் வரை அந்த வரவேற்பறை பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். அன்று ஒரே ஒரு நாள் அந்தச் சிவப்புக் கைப்பிடியைத் தொட வேண்டாம் என்று காவலாளியிடம் தங்கள் கையெழுத்தோடு சொல்ல வேண்டும். உத்தரவு என்றால் அவர் மீற மாட்டார். மறுநாள் காலை வரை செய்தி நிற்காமல் வந்தால் பதினெட்டாம் தேதி ஆணையைக் கிழித்துவிட வேண்டும். நின்றுவிட்டால் என் தகுதிச் சான்றை நானே கொண்டுவந்து தங்கள் மேசையில் வைத்துவிடுகிறேன்.

18. தங்களுக்குச் சிரமம் வைக்க வேண்டாம் என்று அந்தக் கைப்பிடிக்கு மேல் மாட்ட ஒரு பலகை எழுதி இத்துடன் அனுப்பியுள்ளேன் (ஆவணம் 4). எழுத்து என் மகளுடையது, சுத்தமாக இருக்கும். "இதை அணைக்க வேண்டாம். இதன் மறுமுனை கடலில் இருக்கிறது." ஆணி மட்டும் துறை தர வேண்டும்.

19. கடைசியாக ஒன்று. வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பயம் வேறு. ஏழாம் எண்ணை மேலே எடுத்துத் திறந்தால், உள்ளே எல்லாம் நான் விட்டு வந்தபடியே இருக்கும். ஒரு துளி நீர் இறங்கியிருக்காது. நடுவில் இரண்டு கோடும் ஒரு புள்ளியும் புதிதாகக் கீறியதுபோல் மின்னும். அப்போது எல்லோரும் சுற்றி நின்று, இதில் ஒன்றுமில்லையே என்பார்கள். அதற்குள் வெட்டியிருப்பார்கள். இந்த மனுவின் கீழ் நான் இட்டிருக்கும் கையெழுத்தைத் தாங்கள் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். கடலடியில் இருப்பதை மட்டும் யாரும் பார்க்காமல் இருக்க ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இடம்: கரை நிலைய வாயிலுக்கு எதிர்ப்புறம், பேருந்து நிறுத்தம்.
தேதி: 11, வியாழன், மாலை 6.04. உள்ளே பெட்டி கத்துவது இப்போதுதான் நின்றது.

இப்படிக்கு,
தங்கள் ஒரு வரி உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஏழாம் எண் இணைப்பைப் போட்டவர்